பள்ளிக்கூடத்து முடி

"வெட்டிடு அக்யியா. ஒட்ட வெட்டிடு" என்றாள் ஃபொரிவா.

"வேண்டாம் ஆன்ட்டி, கத்தரியைத் தொடாதீங்க" என்று குறுக்கே வந்து நின்றாள் அவள் மகள் செர்வா.

கானா நாட்டின் குமாசி சந்தைக்குப் பின்னால், 'கர்த்தர் கைவிடார் முடி அலங்காரம்' என்று பலகை மாட்டிய தகரக் கடை அது. அக்யியா தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தரி கையில்தான் இருந்தது. நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது.

"ஏன்டி, என் தலையைப் பாதி கட்டிட்டு அங்க என்ன பஞ்சாயத்து?" என்று மூலையிலிருந்து கத்தினாள் டூஃபி. தக்காளி வியாபாரி. ஒரு பக்கம் கறுப்பு நூல் சுற்றிய முடி கொம்பு கொம்பாக நின்றது. மறுபக்கம் பஞ்சு மாதிரி விரிந்து கிடந்தது.

"பொறுங்கக்கா. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். முடியோட போனா வகுப்புல உக்கார விடமாட்டாங்க. இடமும் போயிடும்" என்றாள் அக்யியா.

"இது எப்படி வளர்ந்த முடின்னு உங்களுக்கே தெரியும் ஆன்ட்டி" என்றாள் செர்வா. "நேராக்குற கிரீமைப் போட்டுப் போட்டு நெத்திப் பக்கமெல்லாம் வெந்து கொட்டிப் போச்சு. ஒரு சொட்டு மருந்து படாம, ஞாயித்துக்கிழமை தவறாம ஷியா கொட்டை வெண்ணெய் தடவி, ஈரம் காயறதுக்குள்ள விரலாலயே சிக்கெடுத்து, என் கையால வளர்த்தது. இப்பத்தான் நம்ம முடியும் அழகுதான்னு கண்ணாடி பார்க்கத் தோணுது. அதுக்குள்ள கத்தரியா?"

அக்யியாவுக்குத் தெரியாதா? புண்ணாகிப் போன அந்தத் தலைக்கு முதன்முதலில் கற்றாழை வைத்தவளே அவள்தான்.

"பின்னி இறுக்கிக் கட்டிக்கிட்டா யாருக்கு என்ன நஷ்டம்? முடி இருந்தா பாடம் ஏறாதா?" என்றாள் செர்வா.

"ஏறாதாம். அழகு பார்த்தா புத்தி கெடுமாம்" என்றாள் அக்யியா.

"அப்படிப் பார்த்தா என் வீட்டுக்காரர் எப்பவோ ஜட்ஜ் ஆகியிருக்கணும். அந்த மண்டையில ஒத்த முடி கிடையாது" என்றாள் டூஃபி.

அக்யியா சிரித்துவிட்டாள். செர்வா சிரிக்கவில்லை.

டூஃபி விடவில்லை. "எங்க தெருவுல ஒண்ணு இருக்கு, வெள்ளைக்கார அப்பனுக்குப் பொறந்தது. தோள் வரைக்கும் தொங்க விட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுது. அதைக் கேக்க நாதி இல்லை. நம்ம சுருட்டைதான் அவங்க கண்ணை உறுத்துது."

"எனக்கும்தான் அந்தச் சட்டம் பிடிக்கலை" என்றாள் ஃபொரிவா மெதுவாக. "மாத்துங்கன்னு ஒருநாள் கேக்கத்தான் வேணும். ஆனா சந்தையில நின்னு கத்தினா யார் காதுல விழும்? வகுப்புல உக்காந்து படிச்சவ கேட்டாத்தான் விழும்."

"தலைமையாசிரியைகிட்ட இன்னொரு தடவை சொல்லிப் பாக்கலாம்மா. உங்க நிலைமையை..."

"இடம் குடுத்ததே பெரிசு. அதுக்கு மேல சலுகை கேட்டா, மத்தப் பிள்ளைங்க நடுவுல இன்னும் தனியாத் தெரியறதுக்கா?"

"மொட்டையா போனா எல்லாரும் சிரிப்பாங்க."

"முடியோட போனாலும் சிரிப்பாங்க."

ஃபொரிவா மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ வயித்துல இருக்கிறது தெரிஞ்ச அன்னிக்கு என்னை வகுப்புல இருந்து எழுப்பி அனுப்பினாங்க. பாதிக் கணக்குக் கரும்பலகையில இருந்துச்சு. விடை என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. முடி போனா வந்துடும் செர்வா. இந்த இடம் போனா வருமா?"

வெளியே யாரோ வாழைக்காய் விலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செர்வா மூக்கை உறிஞ்சிக்கொண்டு விலகி நின்றாள்.

"வெட்டுங்க ஆன்ட்டி."

அக்யியா உடனே வெட்டிவிடவில்லை. முதலில் அலசினாள். வெண்ணெய் தடவினாள். அகலப் பல் சீப்பை எடுத்து நுனியிலிருந்து மேலே மேலே பொறுமையாகச் சிக்கெடுத்தாள்.

"வெட்டப் போற முடிக்கு எதுக்குடி இவ்வளவு உபசாரம்?" என்றாள் டூஃபி.

"போறதா இருந்தாலும் மரியாதையா போகட்டும்க்கா."

முதல் சுருள் தரையில் விழுந்தபோது செர்வா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தபின் அக்யியா உள்ளங்கையால் அந்தத் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"வேர் நல்லா இருக்கு. ஒரு புண் இல்லை. செர்வா, குட்டையா இருக்குன்னு ஞாயித்துக்கிழமை வெண்ணெயை நிறுத்திடாத, என்ன?"

"நிறுத்த மாட்டேன்."

திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளும் பெற்றோருமாக ஒரே நெரிசல். தாயும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு கூட்டத்தில் நகர்ந்தார்கள். இரண்டு கைகளும் வியர்த்திருந்தன.

"படிக்கிறவங்க மட்டும் உள்ள போகலாம். கொண்டுவந்து விட்டவங்க இப்படியே திரும்புங்க" என்று காவலாளி கையை நீட்டி மறித்தார்.

செர்வா நின்றுவிட்டாள்.

"சாயங்காலம் தம்பியையும் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன். யார் சிரிச்சாலும் கண்டுக்காதீங்க, தைரியமா போங்கம்மா" என்றாள். புதுச் சீருடையின் காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒட்ட வெட்டிய தலையை நிமிர்த்தி, ஃபொரிவா தன் வகுப்பை நோக்கி நடந்தாள்.