நூற்று முப்பது

மாங்கேணி மீனவர் வேலனின் கையில், லண்டனிலிருந்து மகள் கிருசிகா அனுப்பிய, நாடித்துடிப்பை அளக்கும் மணிக்கூடு. நாடி தொண்ணூறைத் தாண்டினால் அங்கே அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே போன் அடிப்பாள்.

"அப்பா, நாடி கூடுது, படுங்க!"

"படுத்துத்தான் மகள் இரிக்கன்."

"ஐயோ, இப்ப நூற்று முப்பது!"

வலை இழுக்க வேண்டாமென்றாள். தோணி தள்ள வேண்டாமென்றாள். வலையையே விற்கச் சொன்னதும் வேலன் டொக்டரிடம் ஓடினார்.

டொக்டர் மணிக்கூட்டின் பதிவுகளைப் பார்த்தார். "வலை இழுக்கக்குள்ள தொண்ணூற்றஞ்சு. கோயில்ல தீ மிதிக்கக்குள்ளயும் நூறுதான். வேலைக்கு ஏத்த அளவுக்கு இரத்தத்தை இறைக்குது, அருமையான இதயம். ஆனா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நூற்று முப்பது. அந்த நேரமெல்லாம் என்ன செய்றீங்க?"

வேலன் தலையைச் சொறிந்தார்.

"நாடி ஏன் கூடினதெண்டு மகளுக்கு விளக்கம் சொல்லிக்கிட்டிருப்பன் ஐயா."