சேம்பர் கழற்றிய மத்தியானம்

கடைசி போல்ட்டைத் தளர்த்தும்போது அப்பாவுக்குத் தூக்கம் சொக்கியது.

வண்டிக்கடியில் எப்போதும் அப்படித்தான். காரின் முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, கீழே கோணியை விரித்து மல்லாந்துவிட்டால், உலகமே ஒரு முழ உயரத்துக்குள் அடங்கிவிடும். வெயில் ஓரங்களில் மட்டும் எட்டிப் பார்க்கும். மனைவி இருந்தவரை, இந்த மனுஷன் வண்டிக்குள் உட்கார்ந்ததைவிட வண்டிக்கடியில் படுத்துக் கிடந்ததுதான் அதிகம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அங்கிருந்து பார்த்தால் மகளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

கேட்ட ஸ்பேனரை அவள் நீட்டியதும் அவை வாசல்வரை போயின. திரும்பி வந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஊருக்குக் கிளம்புகிற கவலை, பாவம் குழந்தைக்கு, என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டாகவேண்டும். என் பெண்ணைப் பெட்டியும் கையுமாக பஸ்ஸில் அனுப்பமாட்டேன், என் வண்டியில் நானே கொண்டுவந்து விடுவேன் என்று கல்யாணப் பேச்சிலேயே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் அவர். மாப்பிள்ளையும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பஸ் கூடாது, வாடகை வண்டி கூடாது. வந்தாலும் அப்பாவோடு, போனாலும் அப்பாவோடு. என்ன அக்கறை பார் என்று அப்பா பூரித்துப்போயிருந்தார்.

வண்டிக்கடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறது என்று காலையில் மகள்தான் ஓடிவந்து சொன்னாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் மரத்தூளைக் கொட்டித் தரையைத் துடைத்தும் விட்டிருந்தாள். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தகரத் தொட்டி, அதுதான் ஆயில் சேம்பர். அதன் விளிம்பில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற பேக்கிங் போயிருக்கும் என்று நின்ற இடத்திலேயே முடிவு கட்டினார். வேறு யாராவது என்றால் இன்றைக்கு ஆகாது என்று கையை விரித்திருப்பார்கள். இவர் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா. சாயங்காலத்துக்குள்ள ஓட வெச்சுடுறேன்," என்றார் கீழேயிருந்து.

பாதங்கள் அப்படியே நின்றுவிட்டன.

எண்ணெயை முதலிலேயே பேசினில் வடித்தாயிற்று. கறுப்பு நூலாக அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். அந்த அரைத் தூக்கத்தில் வண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. மகள் பின்சீட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டு வந்தாள். சேரவேண்டிய ஊர் என்று எதுவும் இல்லை. சாலை மட்டும் இருந்தது, அதுவும் நன்றாகவே இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினார். சேம்பர் பிடியை விட்டு மெதுவாக அவர் மார்பின்மேல் இறங்கியது.

பேக்கிங் முழுசாக இருந்தது.

விரலைச் சுற்றிலும் ஓட்டினார். விரிசல் இல்லை, துரு இல்லை, ஊசிமுனை அளவுகூட ஓட்டை இல்லை. அடிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் வழிந்திருந்தது. அதைத் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேன் நிறம்.

பேசினில் இருந்தது கன்னங்கறுப்பு. இது எஞ்சினுக்குள்ளேயே போகாத புது எண்ணெய். யாரோ டின்னிலிருந்து எடுத்து வெளியே ஊற்றியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

தூக்கம் போன இடம் தெரியவில்லை.

இந்தத் தடவை வந்ததிலிருந்து அவள் புருஷன் பேச்சையே எடுக்கவில்லை. போன் அடித்தால் தட்டு கழுவுகிற கை அந்தரத்தில் நின்றுவிடும். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எஞ்சின் சத்தம் இம்மி மாறினாலும் வண்டியை ஓரம் கட்டுகிறவருக்கு, பெற்ற பெண் விஷயத்தில் காது அடைத்துப்போயிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் காதுக்குள் போயிற்று.

மேலே போன் அடித்தது. "சரிங்க... சரிங்க..." என்று மகள் சொல்வது மட்டும் கேட்டது.

மாப்பிள்ளைக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுகிறவர். எவர் வாய்ச்சொல்லையும் நம்பமாட்டார். கட்டினவள் சொன்னாலும் அப்படித்தான்.

மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

"சேம்பர்ல ஓட்டைன்னு சொல்லிட்டேம்பா. உடனே போட்டோ எடுத்து அனுப்பணுமாம்."

சொல்லிவிட்டு அவர் மார்பின்மேல் இருந்த சேம்பரைப் பார்த்தாள். அவர் விரலில் இருந்த எண்ணெயைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சேம்பரை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். சிமென்டுத் தரையில் அதைக் கவிழ்த்து வைத்தார். இத்தனை வருஷத்தில் இன்னொருவர் கை படவிடாத வண்டி அது. மதிலோரம் கிடந்த கருங்கல் சில்லு ஒன்றைப் பொறுக்கி, கூரான பக்கத்தை அடித்தகரத்தில் வைத்து அழுத்திப் பிடித்தார். உளியால் போட்ட ஓட்டை என்றால் மாப்பிள்ளை ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். ரோட்டுக் கல் அடித்த மாதிரி இருக்கவேண்டும்.

பெரிய சுத்தியை ஓங்கினார். முதல் அடியில் தகரம் குழிந்தது. அடுத்த அடியில் கிழிந்தது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது.

மூச்சு வாங்க நிமிர்ந்து, ஓட்டையின்மேல் தன் நிழல் விழாதபடி ஒதுங்கி நின்றார்.

"இப்ப எடும்மா," என்றார்.