மஞ்சள் காரின் டக்டக்

ஊரெல்லாம் சுற்றித் திரிந்த மஞ்சள் கார் ஒன்றுக்கு ஒருநாள் உடம்புக்குள் டக்டக்கென்று சத்தம் கேட்டது. போச்சு, இத்தோடு நம் கதை முடிந்தது என்று நடுங்கிக்கொண்டே கரடி மெக்கானிக்கிடம் ஓடியது.

கரடி காதை வைத்துக் கேட்டது. "கதவுக்குள்ள ஒரு புளியங்கொட்டை உருளுதும்மா. வேற ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ."

"பானெட்டைக்கூடத் திறக்கல, இவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா!" காருக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. நேரே இன்னொரு மெக்கானிக்கான குரங்கின் ஷெட்டுக்குப் போய் நின்றது.

குரங்கு பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டது. "ஐயோ தாயி! இவ்வளவு தூரம் எப்படி உயிரோட வந்தே?"

அப்பாடா, நம் பயம் புரிந்த ஆள் ஒருவன் கிடைத்தான் என்று கார் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது. ஸ்பானர்கள் உள்ளே புகுந்தன.

கண் விழித்தபோது, பக்கத்தில் செங்கல் மேல் நின்ற துருப்பிடித்த வேன் ஒன்று முனகியது: "தங்கச்சி, ஹாரன் அடிக்கலன்னுதான் நான் வந்தேன். இப்ப சக்கரம் நாலும் இல்ல. ஓடிடு!"

கார் பதறிப்போய், இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி உறுமியது.

உறுமல் என்னவோ நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அது வாசலில் புறப்படத் தயாராக நின்ற ஜீப்பின் வயிற்றிலிருந்து கேட்டது.