கட்டிலுக்குக் கீழே தண்ணீர்

திருகோணமலைத் துறைமுகத்தில் மாவு மூட்டை சுமந்து முழங்கால் தேய்ந்தவர் இரத்தினசிங்கம். பயமறியாதவர் என்று பேரெடுத்த ஆள். ஒப்பரேசன் கட்டிலில் முதுகில் ஊசி ஏற்றியதும் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. திரைக்கு அப்பால் டொக்டர் காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

தலையைத் திருப்பினால், பக்கத்து வீட்டு முத்தலிப், ஆஸ்பத்திரி ஊழியன், கட்டிலுக்குக் கீழே ஈரம் துடைக்கிறான். இரத்தினசிங்கத்துக்கு மானம் போனது.

"தம்பி... நிறையவோ?"

"வாளி நிரம்பப் போகுது, அண்ணே."

"மரத்துப்போச்சுதடா, அடக்க ஏலாமல் போச்சு. என்ர மனிசி இராசமலரிட்டச் சொல்லிப்போடாதை. போன மாசம் செல் குண்டடிக்கேக்க பங்கர்க் குழிக்குள்ளயும் இப்பிடித்தான். தண்ணிப் போத்தல் கவிண்டதெண்டு சொல்லித் தப்பினனான்."

திரைக்கு அப்பால் டொக்டர் சிரித்தார்.

"ஐயா, அது உங்கட முழங்காலுக்குள்ள நாங்கள் விடுற தண்ணி. மூட்டு விரிஞ்சு நிண்டால்தான் கருவி குருத்தெலும்பில உரசாது. அதுவும் வெறுந்தண்ணி இல்லை, குருத்தெலும்புக்குக் கெடுதல் செய்யாத தண்ணி. ஒரு ஓட்டையால போய் மற்றதால வழியுது."

இரத்தினசிங்கம் நிம்மதியாக மூச்சு விட்டார். அடுத்த கணமே திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"டேய் முத்தலிப், அந்தப் பங்கர்க் கதையையும் சேர்த்துத் துடைச்சுவிடடா!"