காதுல என்ன ஓதுறா?

"நானா கற்பனை பண்றேன்? மூணு வாரமா பார்த்துட்டுத்தான்ணா இருக்கேன். நாம வாயைத் திறந்தா போதும், அந்த ஆயா நம்ம அம்மா காதுல ஏதோ ஓத ஆரம்பிச்சிடுறா!"

தான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம்ல, கையுறைப் பெட்டிங்களுக்கு நடுவுல உட்கார்ந்து போன்ல அண்ணன்கிட்ட தங்கச்சிக்காரி பொரிஞ்சு தள்ளினா.

அண்ணன் நம்பலை. "பேசினா பேசிட்டுப் போறாங்க. அம்மாவைப் பார்த்துக்கத்தானே வெச்சிருக்கோம்?"

"இன்னிக்கு நீயே பாரு!"

இவ சந்தேகம் ஊரறிஞ்ச சமாச்சாரம். ஒரு தடவை டிவி ரிமோட்டைக் காணோம்னு மாமியார் கைப்பை வரைக்கும் துழாவிட்டா. கடைசியில பார்த்தா, இவளே அதைத் தக்காளியோட சேர்த்து ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கா. அதுக்கு மாமியார் சொன்ன பதில் இருக்கே... சரி, அது தனிக் கதை.

அன்னிக்கு அம்மாவுக்கு எண்பது முடியுது. மூணு பிள்ளைங்க மூணு நாட்டுல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் போன்ல அம்மா முகத்தைப் பார்க்கிறதுதான் இவளுக்கு உயிர். அதுலயும் ஒருத்தி வந்து ஒட்டிக்கிட்டா வயிறு எரியாதா?

மூணு பேரும் சேர்ந்து வீடியோவுல கூப்பிட்டாங்க. நடுவுல அம்மா, தோளை உரசிக்கிட்டு ஆயா.

சின்னவன் "ஹேப்பி பர்த்டேம்மா!"ன்னு கத்தினான். ஆயா குனிஞ்சா. குசுகுசு. பெரியவன் மக, தான் வரைஞ்ச படத்தைக் காட்டினா. மறுபடி குசுகுசு. அம்மா சிரிச்சாங்க.

தங்கச்சிக்குப் பொறுக்கலை. "ஏங்க, எங்களைப் பத்தி அங்க என்ன வத்தி வைக்கிறீங்க?"

"இல்லம்மா, நான் வந்து..."

"பெத்தவகிட்ட தனியா நாலு வார்த்தை பேச எங்களுக்கு உரிமை இல்லையா? வெளிய போங்க. நாளைலேருந்து வேலைக்கும் வர வேணாம்!"

"அவ இருக்கட்டும்டி..."ன்னாங்க அம்மா.

"நீ சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது!"

ஆயா, அம்மா கையை ஒரு தடவை அழுத்திட்டு, வெளிய போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

"அப்பாடா! அம்மா, இங்க பாரேன். முடியை வெட்டிக்கிட்டேன். எப்படி இருக்கு?"

அம்மா முகம் மெல்லத் திரும்பிச்சு. போன் பக்கம் இல்லை, பீரோ பக்கம். அதைப் பார்த்துச் சிரிச்சாங்க. கை முன்னால துழாவ, போன் தட்டுப்பட்டு மல்லாக்க விழுந்துச்சு. திரை முழுக்க மின்விசிறி.

மூணு பேர் சத்தமும் நின்னதும் போன் கட்டாயிடுச்சுன்னு அம்மா நினைச்சுட்டாங்க போல. வெளிய இருந்த ஆயாவுக்குக் குரல் கொடுத்தாங்க.

"அம்மாடி, எங்க போயிட்ட? அவ பேச்சை மனசுல வெச்சுக்காத. பார்வை போனது தெரிஞ்சா பதறிடுவாங்கன்னு உன் வாயைக் கட்டினவ நான்தானே? யாரு இளைச்சிருக்கா, யாரு சிரிக்கிறான்னு நீ சொன்னாத்தானே எனக்குத் தெரியும்? வா தாயி... வரும்போது என் பிள்ளைங்களையும் உள்ள கூட்டிட்டு வா!"