மூன்று விரல் உயரம்

"குதிகாலைப் பெடல்ல வச்சு காலை நீட்டு, தம்பி. முட்டு மடங்குதா?"

மடங்கியது. மார்த்தாண்டத்தில் ஒரு வாகை மரத்தடியில் பகவதிப்பெருமாள் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி தன் முழங்காலைப் பார்த்தான். விடியற்காலையில் கன்னியாகுமரியில் கிளம்பும்போது சீட்டை மூன்று விரல் உயர்த்தி முறுக்கியிருந்தார்கள். இப்போது அது சிவப்பு டேப் வரைக்கும் இறங்கிவிட்டிருந்தது.

அந்த டேப்பைச் சீட்டுக் குழாயில் சுற்றி வைத்தது ஆர்ஷா. அது அவள் ஓட்டிய உயரம். அவள் இறந்து இரண்டு வருடமாகிறது.

"போல்ட்டு புதுசாக்கும். நம்ம கடையில இருந்து நானே எடுத்துப் போட்டது," என்றார் ஆர்ஷாவின் அப்பா நேசையன். திருவனந்தபுரம் சாலை பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ஸ்பானரை எடுத்து மறுபடியும் உயர்த்தி முறுக்கினார். "என்னத்துக்கு இறங்குதுன்னு ஒரு பிடியும் கிடைக்கல்ல."

இந்தச் சைக்கிள் கைக்கு வந்த மூன்று மாதமாகப் பகவதிப்பெருமாளுக்கு இது பழகிப்போன விஷயம். தினமும் காலையில் ஏற்றி முறுக்குவான். சங்குமுகம் கடற்கரை வரை போய்த் திரும்புவதற்குள் இறங்கியிருக்கும். சில நாள் பின்னால் யாரோ மூச்சு வாங்குவதுபோலக் கேட்கும். திரும்பிப் பார்ப்பதை அவன் விட்டுவிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடிகாலையில் ஏதோ ஒரு வண்டி ஆர்ஷாவைத் தட்டிவிட்டு நிற்காமல் போயிருந்தது. முக்கால் மணி நேரம் ரோட்டோரம் கிடந்தாள். அப்படிக் கிடப்பவர்களைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆம்புலன்ஸ் வாங்க வேண்டும் என்றுதான் நேசையன் இந்தச் சைக்கிள் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தார். கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் வரை, தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது பேர் வந்திருந்தார்கள்.

அதில் நெடுந்தூரம் ஓட்டிப் பழகாதவன் பகவதிப்பெருமாள் ஒருவன்தான். நாற்பத்தொரு வயது, விழிஞ்ஞம் துறைமுகத்தில் சூப்பர்வைசர் வேலை. ஒருநாள் நேசையனின் கடைக்கு வந்து, "எனக்கும் பேர் குடுக்கணும் அண்ணாச்சி, ஆனா சைக்கிள் இல்ல," என்று நின்றான். நேசையனின் மனைவி தாசம்மாள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகளின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, விபத்து நடந்த அந்த இடம் நம்ம வழியில வருமா?" என்று கேட்டான் மஹேஷ். டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்.

"வரும். எங்கேன்னு சொல்ல மாட்டேன், கேட்டியா. பேப்பர்லயும் போடல்ல. அங்க நின்னு எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, அது வேண்டாம்னு இவ சொல்லிட்டா." நேசையன் டெம்போவைக் காட்டினார். அதில் வாழைப்பழத் தாருக்கும் தண்ணீர்க் கேன்களுக்கும் நடுவே தாசம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

களியக்காவிளை தாண்டியது. பாறசாலை தாண்டியது. நெய்யாற்றின்கரையில் பகவதிப்பெருமாளுக்குத் தொடை இறுகிப் போய்விட்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட, அவனுக்குப் பின்னால் டெம்போ மட்டும் மெதுவாக வந்தது.

பாலராமபுரத்தைக் கடந்ததும், வழி கேட்பதுபோல இரண்டு முறை மணி அடித்தது. அவன் ஒதுங்கினான். யாரும் கடந்து போகவில்லை. அவன் சைக்கிளில் மணியே கிடையாது.

அடுத்து ஒரு வளைவு. ஒரு பக்கம் மரக்கடை, மறுபக்கம் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபம். அங்கே அவன் கால் பெடலில் நின்றுவிட்டது. இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாக்கடை ஓரத்துப் புல்லைப் பார்த்தபடி நின்றான். வியர்வை வழிந்து கண்ணுக்குள் போயும் துடைக்கவில்லை.

டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி ஓடிவந்த நேசையன் முதலில் சீட்டைத்தான் பார்த்தார். அது சிவப்பு டேப் வரை இறங்கியிருந்தது.

"இங்கன தான், தம்பி. இதே இடம். உன்னை அவளே நிறுத்தியிருக்கா." அந்தப் பெரிய மனிதர் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார்.

தாசம்மாள் டெம்போவை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பகவதிப்பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து நேசையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றான் அவன். "இப்படியே போறேன்."

மீதித் தூரத்தை முழங்கால் நெஞ்சில் இடிக்க இடிக்க மிதித்தான். கரமனைப் பாலத்தில் வலியில் உயிர் போயிற்று. ஆனாலும் இறங்கித் தள்ளவில்லை. ஆரியசாலையில் கொட்டு முழங்க, கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து கைதட்ட, கடைசி ஆளாக வந்து சேர்ந்தான்.

நேசையன் ஒவ்வொருவரிடமாகப் போய் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கைகூப்பினார்கள். மஹேஷ் வந்து அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். "சேட்டா, உங்களுக்கு என்னமோ ஒரு பாக்கியம்," என்றான்.

பகவதிப்பெருமாளின் கழுத்தில் பதக்கத்தைப் போடத் தாசம்மாள் வந்தாள். நாடாவைச் சரிசெய்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். கொட்டுச் சத்தத்தில் அவனுக்கு மட்டும் கேட்கும்படி, காதருகே குனிந்தாள்.

"அன்னைக்கும் நீ இதுபோல நின்னிருந்தா, அவ பொழச்சிருப்பா."