மூச்சு வாங்கியவர்

"என்னைப் போய் பிரேக்கோட அனுப்புறீங்களா?"

அச்சகக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

பிரேக் என்பது ஒரு மனிதர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற வாத்தியார். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் அந்தக் குழுவில் எப்போதும் கடைசி ஆள். இறக்கத்திலும் பிரேக், ஏற்றத்திலும் பிரேக் என்று சொல்லி அந்தப் பெயரை வைத்ததே அச்சகக்காரர்தான். வாத்தியாரும் கோபப்படாமல், அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

"நீங்க முன்னாடி போங்க. அவர் பின்னாடி வருவார்" என்றார் குழுத் தலைவியான பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும்போது பேசுகிற அதே அமைதியான குரல். அந்தக் குரலோடு யாரும் வாதாடுவதில்லை.

அச்சகக்காரரின் வலது முட்டியில் இப்போது ஒரு உலோகத் தகடு இருக்கிறது. மழைக்கு முன்னால், இதே மலையில் ஒரு வளைவில் சைக்கிளோடு உருண்டதில் கிடைத்த சொத்து. படுக்கையில் கிடந்த நாளெல்லாம் அவர் வலியைப் பற்றிப் பேசியதைவிட மலையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். டயரில் ஒட்டியிருந்த மண்ணைக்கூட யாரையும் கழுவ விடவில்லை. கண்ணை மூடினால் சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நெரிபடும் சத்தம் கேட்கும். அது கேட்டால்தான் அவருக்குத் தூக்கமே வரும்.

இன்று காலை கிளம்பும்போது மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா நடுவுல முடியலைன்னு நீங்களா காலை ஊனி நின்னுட்டீங்கன்னா, அதோட சைக்கிளை வித்துடணும். இன்னொரு தடவ ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார எனக்குத் தெம்பில்ல."

"சத்தியமா" என்றார். சொன்னதோடு விட்டாரா? குழுவில் எல்லோரிடமும் அதை மார்தட்டிச் சொல்லிவிட்டார்.

"நின்னு நின்னுதான் ஏறணும்னு முட்டி ஆபரேஷன் பண்ண டாக்டர் சொன்னாராமே, சார்?" என்று வாத்தியார் மெல்லக் கேட்டார்.

"அது நோயாளிங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அச்சகக்காரர் பெடலை மிதித்தார்.

மற்றவர்கள் சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். முதல் வளைவு வரைக்கும் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஈர மண் வாசனை, முகத்தில் காற்று, கைப்பிடியில் பழைய அதிர்வு. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இரண்டாவது வளைவில் முட்டிக்குள் யாரோ திருப்புளியை வைத்துத் திருகத் தொடங்கினார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டார். சைக்கிளை விற்பதா? அச்சகத்தைக்கூட விற்றுவிடலாம்.

"சார், ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "மூச்சு வாங்குது."

"இப்பத்தானே கிளம்பினோம்?"

"வயசாகுதுல்ல, சார்."

"உங்களுக்காகத்தான் நிக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டா நீங்கதான் சொல்லணும்" என்று அச்சகக்காரர் காலை ஊன்றினார். அப்பாடா என்று இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்வாரா என்ன?

கொஞ்ச தூரம் போனதும் வாத்தியாருக்கு ஷூ கயிறு அவிழ்ந்தது. அப்புறம் செயின் கழன்றது. அப்புறம் மறுபடியும் மூச்சு. ஒவ்வொரு தடவையும் அச்சகக்காரர் அலுத்துக்கொண்டே நின்றார். முட்டியைத் தடவிக்கொண்டார், தண்ணீர் குடித்தார், மறுபடி ஏறினார்.

ஒருவழியாக உச்சிக்கு வந்து சேர்ந்தபோது குழுவே எழுந்து நின்று கைதட்டியது. அச்சகக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்கச் சத்தமாகப் பேசினார்.

"நானா ஒரு தடவகூட நிக்கல, தெரியுமில்ல? இந்தப் பிரேக் மட்டும் கூட வரலைன்னா அரைமணி முன்னாடியே வந்திருப்பேன். மனுஷனுக்கு அடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்குது. வீட்டுல இருக்க வேண்டிய ஆளையெல்லாம் எதுக்குச் சேர்த்துக்கிறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் மட்டும் லேசாகச் சிரித்தார்.

அப்போதுதான் அச்சகக்காரர் தன் வலது கையைப் பார்த்தார். "அட, கையுறையைக் காணோம். கடைசியா நின்ன இடத்துல கழட்டி வச்சேன் போல."

"இருங்க சார், எடுத்துட்டு வரேன்" என்று வாத்தியார் சைக்கிளைத் திருப்பினார். சரிவில் இறங்கியவர் வளைவில் மறைந்து போனார்.

டாக்டர் பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றினார். அச்சகக்காரர் தன் டீயைக் குடித்து முடிக்கவில்லை, வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். அந்தச் செங்குத்து ஏற்றத்தில் ஏறி வந்தவர் ஏதோ பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். கையுறையைக் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒரு டீயை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

அச்சகக்காரர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்" என்றார், குரல் இறங்கிப்போய். "இவருக்கா மூச்சு வாங்குச்சு?"

டாக்டர் கீழே தெரிந்த பாதையைக் காட்டினார்.

"இங்கேர்ந்து எல்லா வளைவும் நல்லாத் தெரியுது. உங்க முன்சக்கரம் தள்ளாட ஆரம்பிச்சப்பெல்லாம்தான் அவருக்கு மூச்சு வாங்குச்சு."